எஸ்எம்டின்னா கையில ஆகாதுங்களா?

"இதெல்லாம் எஸ்எம்டிங்க, கையில ஒண்ணும் பண்ண முடியாது, போர்டையே மாத்திருங்க." இந்த ஒரு வரியைப் பல்லடத்தில் தறிக் குடோனில் கேட்டிருக்கிறேன், திருப்பூரில் நிட்டிங் மெஷின் பக்கத்தில் நின்றுகொண்டு கேட்டிருக்கிறேன், கடைசியாகக் காங்கேயம் பக்கம் எங்கள் மாமா தோட்டத்து ஸ்டார்ட்டர் பெட்டிக்காகவும் கேட்டாயிற்று. எஸ்எம்டி என்றால் போர்டில் ஓட்டை போட்டுக் கால் நுழைக்காமல், மேலேயே ஈயம் வைத்து ஒட்டுகிற பொடிச் சாமான். கடைசியாகச் சொன்னவர் ஏமாற்றுக்காரர் இல்லை. மோட்டார் காயில் கட்டுவதில் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பேர் வாங்கியவர். எரிந்துபோன மோனோபிளாக் பம்பு மோட்டாரைக் கொண்டுபோய் இறக்கினால் பழைய காயிலை அறுத்தெடுத்து, சுற்று எண்ணி, கேஜ் பார்த்து, புதுக் கம்பி கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்து ஓடவிட்டுத்தான் கொடுப்பார். விற்ற இடத்திலேயே 'புதுசு வாங்கிக்கங்க' என்று அனுப்பிவிட்ட மோட்டாரெல்லாம் அவர் கையில் பிழைத்திருக்கிறது. அப்படிப்பட்டவர் உள்ளங்கை அகலப் பச்சை போர்டைப் பார்த்ததும் கையை விரித்துவிட்டார் என்பதுதான் எனக்குச் செரிக்கவே இல்லை.

நம்ம கோவைப் பக்கத்தில் ரிப்பேர் ஆகாத சாமான் என்று ஒன்று கிடையாது. 1932ல் பைக்காரா கரண்டு வந்ததும், 1937ல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து மோட்டார் செய்ததும் நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கதைகள். ஆனால் அந்தக் கதைகளை விட எனக்குப் பெரிதாகத் தெரிவது, அதற்கப்புறம் ஊருக்கு ஊர் முளைத்த பட்டறைகள்தான். பம்பு, தறி, கிரைண்டர், கம்ப்ரசர் எதுவானாலும் பிரித்துப் போட்டுப் பார்க்க ஒரு ஆள் கைக்கெட்டும் தூரத்தில் இருப்பார். இப்போது அந்தப் பம்புக்கும் தறிக்கும் கிரைண்டருக்கும் உள்ளே ஒரு போர்டு வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவு பேருடைய கைத்திறனும் அந்தப் போர்டு வரைக்கும் வந்து நின்றுவிடுகிறது. மும்முனை கரண்டு எந்த நேரத்துக்கு வருமோ அந்த நேரத்துக்கு மோட்டார் தானாக ஓட வேண்டும், ஒரு பேஸ் போனால் நிற்க வேண்டும், போர்வெல்லில் தண்ணீர் வற்றினால் நிற்க வேண்டும், வீட்டிலிருந்து போன் அடித்தால் ஓட வேண்டும் என்று நாமே கேட்டு வாங்கிய வசதிதான். அதைக் குறை சொல்ல வரவில்லை.

மாமாவுக்கு வருத்தம் காசில்தான். "ஏன் மாப்ள, ஆயிரம் அடிக்கு மேல போர் போட்டு, அதுக்குள்ள மோட்டார இறக்கி, அதெல்லாம் நல்லாத்தான் ஓடுது. நகத்தளவு சாமான் ஒண்ணு போனதுக்கு முழுப் போர்டுக்கும் காசு கேக்கறாங்களே, இது என்ன நாயம்?" என்றார். போர்டை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மூலையில் ஒரு பல்லி காய்ந்து கிடந்தது (ஸ்டார்ட்டர் பெட்டி வைத்திருக்கிறவர்களுக்கு இது புதிதில்லை), ஆனால் போர்டைக் கொன்றது அது இல்லை. பன்னிரண்டு வோல்ட்டை ஐந்து வோல்ட்டாகக் குறைக்கிற பக்கத்தில் எட்டுக் கால் ஐசி ஒன்றின் முதுகில் குண்டூசியால் குத்தியது போலக் குழி. எம்சி 34063 என்று நம்பர் நன்றாகவே படிக்க முடிந்தது. உலகத்தில் எத்தனையோ வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற சாதாரண ரெகுலேட்டர், கோவை காந்திபுரத்தில் கேட்டால் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். கால்களுக்கு நடுவே 1.27 மில்லிமீட்டர் இடைவெளி. எஸ்எம்டியில் இதைத் தாராளம் என்றே சொல்லலாம். இரண்டு பக்கக் கால்களிலும் ஈயத்தைத் தாராளமாக வழியவிட்டு, சால்டரிங் அயர்னை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாற்றி மாற்றி வைத்தால், இரு பக்கமும் உருகி இருக்கிற ஒரு கணத்தில் ஐசி தானாக நழுவிவிடும். ஈயத்தை உறிஞ்சும் செம்புப் பின்னலான விக்கை வைத்து, கால் ஒட்டுகிற செம்புத் திட்டான பேடைத் துடைத்து, புது ஐசியை ஒட்டி, பவர் கொடுத்தால் ஐந்து வோல்ட். ஒரு காப்பி ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது, மாமா போர்டு மறுபடி தோட்டத்துக்குப் போய்விட்டது.

வேலை முடிந்த பிறகும் அந்த வரி மட்டும் போகவில்லை. கையில் ஆகாது என்று ஏன் எல்லாரும் ஒரே குரலில் சொல்கிறார்கள்? நான் ரேடியோ, டிவி ரிப்பேர் பார்த்து வளர்ந்தவன். ஓட்டைக்குள் கால் நுழையும் பழைய பாணி ஐசியைக் கழற்றுவது எவ்வளவு பெரிய தொல்லை என்று தெரியும். நாற்பது கால் ஐசியை இரண்டு பக்கமும் டிராக் என்கிற செம்புக் கோடு ஓடுகிற போர்டிலிருந்து பிடுங்கினால், ஓட்டைக்குள் இருக்கிற செம்பு உறையும் சேர்ந்து வந்துவிடும், அப்புறம் ஒயர் போட்டு ஒட்டவேண்டும். எஸ்எம்டிக்கு ஓட்டையே இல்லை. மேலேயே உட்கார்ந்திருக்கிறது, மேலேயே கழன்று வருகிறது. ரிப்பேர்காரன் கண்ணால் பார்த்தால் எஸ்எம்டிதான் சுலபம் என்பது என் கட்சி. இதைச் சொன்னால் டிவி ரிப்பேர் காலத்து நண்பர்கள் என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள்.

கணபதியில் பார்த்த கை

இந்தக் கட்சிக்கு நான் எப்படி வந்தேன் என்று சொன்னால்தான் மேலே பேச முடியும். கோவை கணபதி பக்கம் ஒரு சின்ன யூனிட். பேனல் மீட்டரும் டைமரும் செய்கிறார்கள். மில்லுக்கு ஒரு டைமர் போர்டு விஷயமாகப் போயிருந்தேன். முன்னறையில் டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாகப் பெண்கள் உட்கார்ந்து போர்டு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் இருந்த அக்காவின் மேசையில் மட்டும் மற்றவர்கள் ஒதுக்கிய போர்டுகள் அடுக்கி இருந்தன. அவர் கையில் இருந்த அயர்ன் பிட்டைப் பார்த்துத்தான் நின்றுவிட்டேன். எஸ்எம்டி என்றாலே ஊசி மாதிரி கூர்மையான பிட் வேண்டும் என்றுதான் கடையில் கொடுப்பார்கள். சாமான் பொடிசு, ஆகவே முனையும் பொடிசாக இருக்கட்டும் என்ற கணக்கு. அவர் வைத்திருந்தது சாய்வாக வெட்டிய அகலமான பிட். அதை வைத்துக்கொண்டு அவர் ஒட்டிக்கொண்டிருந்தது நாற்பத்தெட்டுக் கால் கண்ட்ரோலர் ஐசி. ஏழு மில்லிமீட்டர் சதுரம், ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு கால், காலுக்குக் கால் அரை மில்லிமீட்டர். பிட்டின் அகலத்தில் நாலைந்து கால் ஒரே சமயத்தில் மறைந்துபோகிறது.

"ஏனுங்கக்கா, இவ்வளவு அகலப் பிட்ல ஷார்ட் ஆகாதுங்களா?" என்றேன். அவர் தலை தூக்கவில்லை. "ஊசிப் பிட்டுல சூடு எங்கிருந்து கண்ணு வரும்? நுனிக்கு வரதுக்குள்ள ஆறிப் போவும். ஒவ்வொரு காலா ஒட்டறதுன்னா பொழுதோட ஒரு போர்டு முடியாது" என்றார்.

அப்புறம் அவர் செய்ததை நான் குனிந்து நின்று பார்த்தேன். முதலில் மூலைப் பேட் ஒன்றில் மட்டும் துளி ஈயம். ட்வீசரில் ஐசியைப் பிடித்து, ஒன்றாம் காலுக்கு இருக்கிற புள்ளி போர்டில் இருக்கிற புள்ளியோடு சேருகிறதா என்று பார்த்து, அந்தத் துளியை உருக்கி அதற்குள் மூலைக் காலை நழுவவிட்டார். இப்போது ஐசி ஒரு காலில் நிற்கிறது. லென்சை இழுத்து நாலு பக்கமும் பார்த்தார். ஒரு பக்கம் மயிரிழை தள்ளி இருந்தது, மறுபடி உருக்கி, ட்வீசர் நுனியால் தட்டி நேராக்கி, எதிர் மூலையை ஒட்டினார். நேரம் பிடித்ததெல்லாம் இதுவரைக்கும்தான். பிறகு சிரிஞ்சிலிருந்து பழுப்பு நிற பிளக்ஸை நான்கு வரிசைக் கால் மேலும் கஞ்சத்தனமில்லாமல் பிதுக்கினார். வெட்டுவாயில் கொஞ்சம் ஈயத்தை ஏற்றிக்கொண்டு, வரிசையின் ஒரு முனையில் வைத்து, அழுத்தாமல், நிதானமாக மறு முனைக்கு இழுத்தார். பிட் கடந்துபோன இடத்தில் ஒவ்வொரு காலும் தனித்தனியாகப் பளபளவென்று நின்றது. கடைசி இரண்டு காலில் மட்டும் ஈயம் தேங்கிப் பாலம் போட்டிருந்தது. பிட்டைப் பித்தளைச் சுருளில் துடைத்து, பிளக்ஸ் இன்னும் ஒரு பொட்டு வைத்து, வெறும் பிட்டால் தொட்டு வெளிப்பக்கமாக இழுத்தார், பாலம் பிட்டோடு போய்விட்டது. நாலு பக்கமும் முடிந்ததும் ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் முக்கிய பல் பிரஷால் தேய்த்துத் துடைத்து அடுக்கில் வைத்தார்.

அந்தக் கை ஒரு காலைக்கூடத் தனியாக ஒட்டவில்லை. ஒட்டியது ஈயம். உருகிய ஈயத்துக்குச் செம்பையும் வெள்ளீயம் பூசிய காலையும் கண்டால் பரவி ஒட்டிக்கொள்ளும் குணம் உண்டு. பேடுகளுக்கு நடுவில் மாஸ்க் என்று பூசியிருக்கிற பச்சைப் பூச்சு அதற்கு ஆகாது, சேப்பங்கிழங்கு இலையில் தண்ணீர் உருண்டு ஓடுவது போல உருண்டு ஓடும். அளவாக ஈயம் இருந்தால் பரப்பு இழுவிசையே அதைப் பிரித்து அவரவர் காலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிடுகிறது. இதைக் கெடுக்க ஒரே ஒரு எதிரி, ஆக்சைடு. காற்றுப் பட்ட உலோகத்தின் மேல் படிகிற அந்தத் தோல் இருந்தால் ஈயம் ஒட்டாமல் கூராக இழுத்துக்கொண்டு வரும், பக்கத்துக் காலோடு சேர்ந்துகொள்ளும். பிளக்ஸில் இருக்கிற ரோசின் சூட்டில் அமிலமாக வேலை செய்து அந்தத் தோலைக் கரைக்கிறது. ஆனால் சில நொடிகளில் எரிந்து புகையாகிவிடும், ஆகவே திரும்பத் திரும்ப வைக்கவேண்டும். ஈயக் கம்பிக்கு உள்ளேயே பிளக்ஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். கம்பியைப் பிட்டில் ஏற்றி ஐசி வரை கொண்டு போவதற்குள் அந்த பிளக்ஸ் எரிந்து தீர்ந்துவிடும். "கையில் ஆகாது" என்று சொல்லும் கடையில் போய்ப் பார்த்தால் ஈயக் கம்பி இருக்கும், ஊசிப் பிட் இருக்கும், பிளக்ஸ் சிரிஞ்ச் இருக்காது. விஷயம் அவ்வளவுதான்.

(பேஸ்ட் என்று தகர டப்பாவில் விற்பதை எல்லாம் போர்டில் தடவக்கூடாது. குழாய் ஒட்டுவதற்கான அமில பேஸ்ட் என்றால் நாளடைவில் டிராக்கையே தின்றுவிடும். எலக்ட்ரானிக்ஸுக்கு என்று கேட்டு வாங்குங்கள். புகையும் நல்லதில்லை, சின்ன ஃபேன் ஒன்றைப் புகையை இழுக்கிற மாதிரி வையுங்கள்.)

நடுக்கமும் கண்ணும்

அடுத்து எல்லாரும் சொல்வது, "எனக்குக் கை நடுங்கும்." எனக்கும் நடுங்கும். மணிக்கட்டு மேசையில் படிந்து, சுண்டுவிரல் போர்டின் ஓரத்தில் ஊன்றி இருந்தால் நடுக்கம் பாதி போய்விடும். மீதியை ஈயமே பார்த்துக்கொள்ளும், ஏனென்றால் உருகிய நிலையில் அது சின்ன சாமானைப் பேடின் நடுவுக்கு இழுத்துக்கொள்ளும். நாற்பது தாண்டியவர்களுக்குக் கண்தான் பிரச்சினை. விளக்கோடு கூடிய லென்ஸ் ஒன்று, இல்லாவிட்டால் தலையில் மாட்டுகிற பூதக்கண்ணாடி. அயர்னுக்குச் செலவழிக்கிறதை விட இதற்குச் செலவழிக்கலாம் என்பேன். லென்ஸ் இல்லாமல் ஒட்டிவிட்டு 'டிரை சால்டர்', அதாவது சரியாகப் பிடிக்காத ஒட்டு, எங்கே என்று தேடுவது பெரிய தண்டனை.

அளவைப் பற்றியும் ஒரு பயம் இருக்கிறது. 0603 என்று சொல்கிற ரெசிஸ்டர் 1.6க்கு 0.8 மில்லிமீட்டர். கொஞ்ச நாளில் கைக்கு வந்துவிடும். 0402 என்றால் 1க்கு அரை மில்லிமீட்டர், தும்மினால் போச்சு, தரையில் விழுந்ததைத் தேடவே கூடாது, புதிதாக ஒன்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். ரெசிஸ்டராவது 0603 வரை முதுகில் 103, 472 என்று நம்பர் சொல்லும். கெப்பாசிட்டர் ஒன்றுமே சொல்லாது, எல்லாம் ஒரே பழுப்புத் துணுக்கு. ஆகவே ஒரு மதிப்பை ஒட்டி முடித்த பிறகுதான் அடுத்த ரீலின் துண்டைப் பிரிக்கவேண்டும், இரண்டு மதிப்பு ஒரே நேரத்தில் மேசையில் இருக்கக்கூடாது. சின்ன சாமானின் ஒரு பேட் மட்டும் முந்திக்கொண்டு உருகினால், அந்தப் பக்க இழுவையில் சாமான் செங்குத்தாக எழுந்து நின்றுவிடும். அயர்னில் ஒட்டும்போது இது அபூர்வம், சூடான காற்று ஊதுகிற பிளோயரில் அடிக்கடி நடக்கும். பெரிய செம்புப் பரப்போடு இணைந்த கிரவுண்டு பேட் சூட்டை முழுங்கிக்கொண்டே இருக்கும், அங்கே டெம்பரேச்சரைக் கூட்டுவதை விடப் பெரிய பிட்டை வைப்பதுதான் வேலைக்கு ஆகும்.

வெள்ளீயம் 63 பங்கு, ஈயம் 37 பங்கு கலந்த 63/37 கம்பி 183 டிகிரியில் ஒரே சமயத்தில் உருகி ஒரே சமயத்தில் உறையும், கைவேலைக்கு இதை அடித்துக்கொள்ள ஆளில்லை. 2006 ஜூலையில் ஐரோப்பாவில் ஈயத்தைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்த பிறகு தொழிற்சாலை போர்டுகள் பெரும்பாலும் ஈயம் இல்லாத கலவைக்குப் போய்விட்டன, அது உருக 217க்கு மேல் வேண்டும். வெளியிலிருந்து வந்த போர்டை ரிப்பேர் பார்க்கும்போது அயர்ன் ஏறாமல் முரண்டு பிடிப்பது பல சமயம் இதனால்தான். பழைய ஈயத்தில் நம் 63/37ஐக் கொஞ்சம் கலந்துவிட்டால் இறங்கி வந்துவிடும். வேலை முடிந்ததும் கையைக் கழுவாமல் சாப்பிட உட்காராதீர்கள், அது ஈயம்.

உண்மையிலேயே அயர்னில் ஆகாதவையும் உண்டு. வெளியே காலே இல்லாமல், வயிற்றுக்குக் கீழே பெரிய பேட் வைத்த ஐசிகள் இருக்கின்றன. அந்தக் கீழ்ப் பேடுக்கு பிளோயர் வேண்டும், இல்லாவிட்டால் போர்டைச் சூட்டுத் தட்டில் வைத்து ஈயப் பொடியும் பிளக்ஸும் கலந்த சால்டர் பேஸ்ட்டில் ஒட்டவேண்டும். பேஸ்ட்டை ஃபிரிட்ஜில் வைத்திருப்பது வீட்டில் சண்டைக்குக் காரணமாகும், தனி டப்பாவில் மூடி, பேர் எழுதி வையுங்கள். அடியில் குண்டு குண்டாகப் பந்து வைத்த ஐசிகளைத் தொடமாட்டேன். அது செல்போன்காரர்கள் பாடு.

மொத்தமா ஒட்டியே தர்றாங்களே

எங்கள் வீட்டில் இன்ஜினியரிங் படிக்கிற பையன் ஒருவன் இருக்கிறான், மச்சான் மகன். "மாமா, டிசைன் ஃபைல அனுப்புனா சைனாக்காரன் போர்டும் போட்டு, ஐசியும் ஒட்டி, பார்சல்ல அனுப்பறான். நீங்க இன்னும் லென்ஸ் மாட்டிட்டு உக்காந்திருக்கீங்க" என்பான். அவன் சொல்வது கணக்குப்படி சரி. நூறு போர்டு வேண்டும் என்றால் நானும் அப்படித்தான் செய்வேன், உட்கார்ந்து நூறு ஒட்டுகிறவனுக்கு வேறு வேலை இல்லை என்றுதான் அர்த்தம். ஆனால் என் தேவை நூறு இல்லை. தொட்டித் தண்ணீர் மட்டம் பார்க்க, போர் வற்றினால் மோட்டாரை நிறுத்த என்று நான் வரைந்த போர்டுகள் எல்லாம் அஞ்சு பத்துதான். கீகேட் (KiCad) என்கிற இலவச மென்பொருளில் ராத்திரி வரைந்து அனுப்பினால் வெறும் போர்டு சல்லிசாக வந்துவிடுகிறது, சுங்கத்துக்கும் கூரியருக்கும்தான் அதிகம் அழுகிறோம். முதல் போர்டு ஓடாது. எந்த போர்டும் முதலில் ஓடாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ரெசிஸ்டரை மாற்றிப் பார்க்க, டிராக்கை அறுத்து ஒயர் போட, கெப்பாசிட்டர் ஒன்றைக் கூடச் சேர்க்க உங்கள் கை போகவேண்டும். ஒட்டித்தான் வாங்குவேன் என்கிறவன் இதற்கெல்லாம் இன்னொரு பார்சலுக்குக் காத்திருக்கிறான். பையனுக்கு அவனுடைய ப்ராஜெக்ட் போர்டில் கண்ட்ரோலரின் இரண்டு கால் பாலம் போட்டிருந்தபோது இதைச் சொன்னேன், லென்சை வாங்கி மாட்டிக்கொண்டான்.

சுரண்டிய நம்பர்

இதுவரை சொன்னதெல்லாம் கைத்திறன் சம்பந்தப்பட்டது, அதை ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதில் கற்றுக்கொண்டுவிடலாம். மாமா போர்டில் வேலை சுலபமாக முடிந்ததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது என்பது பிறகுதான் உறைத்தது. அந்த ஐசியின் முதுகில் நம்பர் இருந்தது. அதற்கப்புறம் அக்கம்பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் போர்டு வர ஆரம்பித்தது, ஒன்றில் எல்லா ஐசியின் முதுகையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள். இன்னொன்றை முழுசாக இறுகிக் கெட்டியாகிற கறுப்பு எபாக்ஸிப் பிசினில் முக்கி எடுத்திருந்தார்கள். ஈரத்துக்கும் எறும்புக்கும் பாதுகாப்பு என்று சொன்னால் வார்னிஷ் மாதிரி மெல்லிய பூச்சே போதும், அது அயர்ன் வைத்தால் வழிவிடும். எபாக்ஸி லேசில் வழிவிடாது. கண்ட்ரோலருக்குள் இருக்கிற ப்ரோக்ராமைப் பூட்டி வைப்பதை நான் ஒத்துக்கொள்கிறேன், அது அவர்கள் உழைப்பு. எட்டணா ரெகுலேட்டரின் பேரை மறைப்பதில் என்ன உழைப்பு இருக்கிறது?

பேனல் செய்கிற நண்பர் ஒருவரிடம் இதை வாய்விட்டே கேட்டேன். "நம்பர விட்டா நாளைக்கே காப்பி அடிச்சுருவானுங்க" என்றார். காப்பி அடிக்கிறவன் போர்டை ஸ்கேன் செய்து, சுற்றியிருக்கிற சாமானைப் பார்த்து, ஒரு வாரத்தில் எது எந்த ஐசி என்று கண்டுபிடித்துவிடுவான், அவனுக்கு லாபம் இருக்கிறது, நேரம் இருக்கிறது. தோட்டத்தில் மோட்டார் நின்று, பயிர் காய்ந்துகொண்டிருக்கும்போது, நூறு இருநூறு கூலிக்கு வேலை பார்க்கிற ரிப்பேர்காரனுக்குத்தான் அந்த ஒரு வாரம் கிடையாது. தேய்த்த நம்பர் தடுப்பது அவனை மட்டும்தான். 2022 ஜூலையில் மத்திய நுகர்வோர் துறை பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டபோது, அதில் எடுத்துக்கொண்ட துறைகளில் விவசாயக் கருவியும் ஒன்று. டிராக்டரை மனதில் வைத்து எழுதியிருப்பார்கள். ஸ்டார்ட்டர் பெட்டியும் அதில் சேர்ந்ததுதான் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். நண்பர் சிரித்துவிட்டு டீ சொன்னார், பேச்சு மஞ்சள் விலைக்குப் போய்விட்டது.

அவரை மாற்ற என்னால் ஆகாது, என் போர்டை மாற்ற முடியும். வழக்கமாகப் போர்டின் மேல் ஆர் 7, சி 4 என்று வரிசை எண்தான் அச்சடிப்பார்கள், அது வரைபடம் கையில் இருக்கிறவனுக்கு மட்டும் உதவும். நான் மதிப்பையே அச்சடிக்கிறேன், 4.7 கே, 100 நானோ என்று, ஐசிக்குப் பக்கத்தில் அதன் முழுப் பேரையும். பின்பக்கத்தில் பவர் பகுதியின் சர்க்யூட்டையும், எங்கே எத்தனை வோல்ட் வரவேண்டும் என்பதையும் போட்டுவிடுகிறேன், அச்சுக்குக் கூடுதல் காசு கேட்பதில்லை. இடம் இருக்கிற போர்டில் 0402 வைப்பதை நிறுத்திவிட்டேன், 0805 வைத்தால் லென்ஸ் இல்லாதவனும் மாற்றுவான். அடுத்த போர்டில் ரெகுலேட்டரை ஓரத்துக்குக் கொண்டுவந்து, அகலக் கால் ஐசியாகப் பார்த்து, சுற்றிலும் அயர்ன் நுழைய இடம் விட்டு வைக்கப்போகிறேன். லைனில் வோல்ட்டேஜ் எகிறும்போது முதலில் சாகப்போவது அதுதான் என்று தெரிந்த பிறகு, அதைக் கொண்டுபோய் டிரான்ஸ்பார்மருக்கும் ரிலேவுக்கும் நடுவில் புதைத்து வைப்பானேன்?